தலைக்கு வந்தது

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது நம்மவர் நாவில் நாள்தோறும் புழங்கும் பழமொழி. பெருந்துன்பம் ஒன்று நெருங்கி வந்து, சிற்றிழப்போடு விலகிச் சென்ற வேளையில் ஆறுதலாகச் சொல்லப்படுவது அது. வகுப்பறையில் பழமொழிகளைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் இதனை எடுத்துக்காட்டி, தலையைக் காப்பதற்காகத் தன்னையே இழந்து நிற்கும் தலைப்பாகையின் பெருமையை நான் விரித்துரைப்பதுண்டு. மாணவர்கள் புன்னகையோடு குறிப்பெடுத்துக் கொள்வார்கள். ஆனால் அப்பழமொழியைச் சொல்லி முடிக்கும்போது ஆசிரியரின் குரல் ஒரு கணம் தாழ்ந்து போவதை அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். தலையைக் காக்க அணிந்த அணியே தலைக்குத் தீங்காய் முடிந்த நிகழ்ச்சி ஒன்று என் குடும்பத்தில் நடந்ததுண்டு. அதனை வாங்கிக் கொடுத்தவனும் நானே.

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர்கள் வந்து கேட்டபோது, வழக்கம்போல் இலக்கியப் பொருள் ஒன்றையே எழுத எண்ணியிருந்தேன். கட்டுரை கேட்க வந்த மாணவருள் ஒருவர், படிப்பு முடிந்ததும் தம் மாமாவோடு வடநாட்டிற்கு ஆலை வேலைக்குப் போகப் போவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். "அங்கே குளிர் கடுமையாமே ஐயா, போகும்போது ஒரு கம்பளிக் குல்லாய் வாங்கிக் கொண்டு போக வேண்டும்" என்றார். அந்த ஒரு சொல் என்னை எங்கோ கொண்டு போயிற்று. எழுத வேண்டியது இதுதான் என்று அப்போதே முடிவு செய்தேன்.

நூலும் நெருப்பும்

எங்கள் ஊர் எடப்பாடி. சரபங்கா நதிக்கரை ஊர். தறிச்சத்தத்தில் கண்விழித்துத் தறிச்சத்தத்திலேயே கண்ணுறங்கும் ஊர். என் அத்தா தறிக்காரர்களுக்கு நூல் விற்கும் சிறிய கடை ஒன்று வைத்திருந்தார். சிட்டம் சிட்டமாக நூல் வந்திறங்கும். பாவுக்கு ஒரு நூல், ஊடைக்கு ஒரு நூல் எனத் தறிக்காரர்கள் கேட்டு வாங்கிச் செல்வார்கள். பள்ளி விட்டு வந்ததும் நானும் அண்ணனும் கடையில் அமர்ந்திருப்போம். அண்ணன் எனக்கு எட்டாண்டு மூத்தவர்.

பருத்தி நூல் என்று சொல்லிக் கலப்பு நூலைத் தள்ளிவிடும் வணிகரும் அந்நாளில் இருந்தனர். ஐயம் எழும்போதெல்லாம் அத்தா ஒரு வேலை செய்வார். சிட்டத்திலிருந்து ஒரு சாண் நூலை உருவித் தீக்குச்சியைக் கொளுத்தி அதன் நுனியில் காட்டுவார். பருத்தியானால் காகிதம் போல் மளமளவென்று எரியும்; காகிதம் கருகிய வாடை வரும்; விரலால் தொட்டால் உதிரும் சாம்பல் மிஞ்சும். பட்டோ ஆட்டு உரோமமோ ஆனால் எரிய மறுக்கும்; தீக்குச்சியை விலக்கியதும் தானே அணையத் தொடங்கும்; தலைமுடி பொசுங்கிய நாற்றம் அடிக்கும்; கருகிய நுனியை நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழையானால் நெருப்பைக் கண்டதும் சுருண்டு உருகும்; உருகியது ஆறியதும் நசுக்கவியலாத கடிய கறுப்பு மணியாகத் திரளும். "கண் ஏமாறும், கை ஏமாறும், நெருப்பு ஏமாறாது" என்பார் அத்தா. அந்தக் கறுப்பு மணிகளைச் சேர்த்து வைத்து நானும் அண்ணனும் விளையாடியது இன்றும் நினைவில் இருக்கிறது.

அத்தா காலமானபோது அண்ணனுக்கு வயது பத்தொன்பது. கடை கைமாறியது. அவர் படிப்பை விட்டுவிட்டு நாமக்கல் பக்கம் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டிங் பழகச் சேர்ந்தார். நான் படித்தேன். பள்ளிக் கட்டணமும், பின்னர் எம்.ஏ., எம்.ஃபில். கட்டணமும் அவர் கையிலிருந்து வந்தவை. நான் யாப்பிலக்கணம் பயின்று கொண்டிருந்த இரவுகளில் அவர் இரும்பை இரும்போடு இணைத்துக் கொண்டிருந்தார். என் பட்டச் சான்றிதழில் என் பெயர்தான் அச்சிடப்பட்டிருக்கிறது; அதற்கு விலை கொடுத்தவர் அவர்.

ஒரு குல்லாயின் கதை

2008 ஆம் ஆண்டு எனக்கு விரிவுரையாளர் பணி கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில் வடநாட்டு ஆலை ஒன்றில் ஷட்டவுன் வேலைக்கு ஆள் எடுத்தனர். ஆண்டுக்கொரு முறையோ சில ஆண்டுகளுக்கொரு முறையோ ஆலையை நிறுத்திக் குழாய்களையும் கலங்களையும் பழுது பார்க்கும் வேலை அது. இரவு பகலாக நடக்கும். கூலி இரட்டிப்பாகக் கிடைக்கும். சங்ககிரியிலிருந்தும் குமாரபாளையத்திலிருந்தும் சென்ற தொழிலாளரோடு அண்ணனும் புறப்பட்டார்.

நம் சமவெளி மனிதருக்குக் குளிர் என்றால் மார்கழிப் பனிதான். விடியற்காலையில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போவதற்கு மேல் நாம் அறிந்த குளிர் ஒன்றுமில்லை. வடநாட்டுச் சனவரி இரவு அவ்வாறானதன்று. வெப்பநிலை 4, 5 பாகைக்கும் இறங்கிவிடும். இரும்பைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்வது போல் இருக்கும். உடம்பில் முதலில் விறைத்துப் போவது காது. அது மெல்லியது, கொழுப்பின் காப்பு இல்லாதது, காற்றுக்கு நேராக நிற்பது.

என் முதல் மாதச் சம்பளத்தில் அண்ணனுக்கு ஏதேனும் வாங்கித் தர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சேலத்தில் நடைபாதைக் கடை ஒன்றில் கருநீல நிறத்தில் ஒரு குரங்குக் குல்லாய் கண்ணில் பட்டது. தலை, காது, கழுத்து மூன்றையும் மூடி முகத்தை மட்டும் திறந்துவிடும் வகை. "கம்பளியா?" என்று கேட்டேன். "அசல் கம்பளி சார்" என்றார் கடைக்காரர். தொட்டுப் பார்த்தேன், மென்மையாகவும் கதகதப்பாகவும் இருந்தது. 120 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நூல் கடைக்காரரின் மகனாகிய நான் அதிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கவில்லை. அன்புடன் வாங்கும் பொருளை யார் கொளுத்திப் பார்ப்பார்?

அங்கே போன அண்ணன் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அந்தக் குல்லாயைப் பற்றிச் சொல்வார். "தம்பி, நீ வாங்கித் தந்தது இல்லையென்றால் என் காது இரண்டும் எப்போதோ உதிர்ந்து போயிருக்கும்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் அடைந்த பெருமிதத்திற்கு அளவில்லை.

சனவரி மாதத்தில் ஓர் இரவு, உயரத்திலிருந்த குழாய் ஒன்றைக் கீழிருந்து கேஸ் கட்டிங் செய்துகொண்டிருந்தார். தலைக்குமேல் செய்யும் வேலை. உருகிய இரும்புத் துளி ஒன்று முகமறைப்பிற்கும் சட்டைக் காலருக்கும் இடையே புகுந்து, குல்லாயின் மடிப்பில் இடது காதின் மேற்புறம் விழுந்தது. பஞ்சுத் துணியானால் துளை விழுந்திருக்கும், புகைந்திருக்கும், தட்டி அணைக்கச் சிறிது நேரமாவது கிடைத்திருக்கும். இது சுடர் விட்டது. அதே வேகத்தில் உருகியது. உடனிருந்தவர் பாய்ந்து வந்து குல்லாயைப் பிடித்து இழுத்தார். பாதி கையோடு வந்தது. மறுபாதி வரவில்லை.

செய்தி கேட்டுச் சேலத்தில் கேரளா விரைவு வண்டி ஏறினேன். முன்பதிவு இல்லை. இரண்டு இரவுகளும் வாசலருகே அமர்ந்தே கழிந்தன.

கம்பளி என்னும் சொல்

மருத்துவமனையில் அண்ணன் தலையின் இடப்புறம் முழுவதும் கட்டுப் போடப்பட்டிருந்தது. இளம் மருத்துவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தலையில் என்ன அணிந்திருந்தார்?" என்று வினவினார். "கம்பளிக் குல்லாய்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு சிறு கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். அதனுள் தோலிலிருந்து பிரித்தெடுத்த சில கறுப்புக் கட்டிகள் கிடந்தன. பளபளப்பாக, கடியனவாக, மணி மணியாக இருந்தன. "கம்பளியானால் கருகிப் பொடியாகும். இது பிளாஸ்டிக்" என்றார்.

நான் அந்த மணிகளை அறிவேன். இருபதாண்டுகளுக்கு முன் அத்தாவின் கடைத் திண்ணையில் அமர்ந்து அவற்றை எண்ணி விளையாடியவன் அல்லவா? அன்று நூலின் நுனியில் திரண்ட அதே மணி இன்று என் அண்ணனின் காதில் திரண்டிருந்தது.

அன்றிரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்து நான் நினைத்துக் கொண்டிருந்தது ஒரு சொல்லைப் பற்றி. கம்பளி என்பது ஆட்டு உரோமத்தால் ஆனது. நம் பாட்டன்மார் போர்த்திய கறுப்புக் கம்பளி அப்படிப்பட்டதுதான். காலப்போக்கில் ஆலைகளில் அக்ரிலிக் என்னும் செயற்கை இழை பெருகியது. பார்வைக்கும் தொடுவதற்கும் உரோமம் போலவே இருக்கும், விலை குறைவு, பூச்சி அரிக்காது, துவைத்தால் சுருங்காது. அதனால் அது வீடுதோறும் புகுந்தது. பொருள் மாறிவிட்டது, சொல் மாறவில்லை. குளிருக்குப் போர்த்தும் எதனையும் இன்றும் கம்பளி என்றே அழைக்கிறோம். சேலத்துக் கடைக்காரர் என்னிடம் பொய் சொன்னதாக நான் இப்போது கருதவில்லை. எல்லோரும் சொல்லும் சொல்லைத்தான் அவரும் சொன்னார். ஆனால் சொல்லையே தொழிலாகக் கொண்ட நான், சொல்லின் பின்னே பொருள் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். அந்த உறவு அறுந்தால் காது போகும் என்பது எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லாத பாடம்.

தீயைத் தாங்கும் துணி

அதன்பின் எனக்கு இது ஒரு தேடலாயிற்று. இலக்கிய நூல்களுக்கு நடுவே இழைகளைப் பற்றிய நூல்களையும் படிக்கலானேன். படித்தறிந்தவற்றுள் பயன்படக்கூடிய சிலவற்றை இங்குச் சொல்வது கடமை எனக் கருதுகிறேன்.

நாம் உயிர்க்கும் காற்றில் உயிர்வளி ஏறத்தாழ 21 விழுக்காடு உள்ளது. ஓர் இழை தொடர்ந்து எரிவதற்கு எத்தனை விழுக்காடு உயிர்வளி வேண்டும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். பருத்திக்கும் அக்ரிலிக்கிற்கும் ஏறத்தாழ 18 போதும்; பாலியஸ்டருக்கு 20 அல்லது 21. ஆகவே இவை நம்மைச் சூழ்ந்துள்ள காற்றிலேயே எரியக்கூடியவை. ஆட்டு உரோமத்திற்கு ஏறத்தாழ 25 வேண்டும். அவ்வளவு உயிர்வளி காற்றில் இல்லாமையால், சுடரை விலக்கியதும் அது பெரும்பாலும் தானே அணைகிறது. உரோமத்தில் நைட்ரசனும் கந்தகமும் உண்டு. ஈரத்தையும் அது தன்னுள் நிறைய வைத்திருக்கும். எரிய மறுக்கும் இயல்பு இவற்றால் அமைந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக அது உருகுவதில்லை. ஆட்டின் முதுகில் இறைவன் நெய்து வைத்த துணி இத்தகையது.

மனிதர் செய்த இழைகளுள்ளும் தீயைத் தாங்குவன உண்டு. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் உருவாக்கி 1967 ஆம் ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்த நோமெக்ஸ் என்னும் அராமிட் வகை இழை அவற்றுள் புகழ் பெற்றது. அதற்கு 28 விழுக்காட்டிற்கும் மேல் உயிர்வளி வேண்டும். வெப்பம் பட்டால் அது உருகாமல் கருகித் தடிக்கும். தடித்த கரியே தோலுக்கும் நெருப்புக்கும் இடையே சுவராகும். தீயணைப்பு வீரர்கள் தலைக்கவசத்தின் கீழ் அணியும் மூடிகளும், பந்தயக் கார் ஓட்டுநர் அணியும் மூடிகளும் இத்தகைய இழைகளால் ஆனவை. நம் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியராகப் பெயர் பெற்றபோது, அவர்தம் தலைக்கவசத்தின் உள்ளே இருந்ததும் தீயைத் தாங்கும் குரங்குக் குல்லாயே. பருத்தியையும் பாஸ்பரசு சேர்ந்த வேதிப்பொருளால் பதப்படுத்தித் தீயைத் தாங்கச் செய்கிறார்கள். அவ்வாறு பதப்படுத்திய துணியைச் சலவைத் தூள் போட்டு வெளுத்தால் காப்புக் குறைந்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இத்துணிகளுக்குத் தமிழில் என்ன பெயரிடுவது? "தீப்பிடிக்காத துணி" என்று விளம்பரங்கள் சொல்வதைக் காண்கிறேன். அது பிழையான பெயர் என்பதோடு ஆபத்தான பெயரும் ஆகும். எந்தத் துணியும் நெருப்பினுள்ளே நெடுநேரம் நிற்க வல்லதன்று. அமெரிக்க நாட்டுத் தர விதி ஒன்று, திடீரெனப் பரவி அணையும் தீக்கு ஆளாகும் தொழிலாளர் உடைகளுக்கென உள்ளது. அதன்படி துணியின் அடியில் 12 விநாடி சுடரைக் காட்டி எடுத்தால், அது 2 விநாடிக்குமேல் எரியக்கூடாது. கரிந்த நீளம் 4 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. உருகிச் சொட்டவே கூடாது. இவ்வளவே அது தரும் உறுதி. ஓடித் தப்பவும், உடனிருப்பவர் வந்து உதவவும் சில விநாடிகளை அது நமக்கு ஈட்டித் தருகிறது. ஆகவே "தீயைத் தாங்கும் துணி" என்பதே அளவறிந்த சொல் என்பது என் கருத்து. நம் நாட்டிலும் வெப்பத்திற்கு ஆளாகும் தொழிலாளர் உடைகளுக்கு ஐ.எஸ். 15748 என்னும் தர விதியும், தொழிற்சாலைத் தலைக்கவசங்களுக்கு ஐ.எஸ். 2925 என்னும் தர விதியும் உள்ளன.

தலைக்கவசத்தைப் பற்றியும் ஒரு சொல். கவசத்தின் ஓட்டிற்கும் தலையைச் சுற்றும் உட்பட்டைக்கும் இடையே வேண்டுமென்றே வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். மேலிருந்து ஒன்று விழுந்தால் அதன் வேகத்தை வாங்கிக்கொள்வது அந்த இடைவெளிதான். குளிருக்கென்று தடித்த துணியைச் சுற்றி அதன்மேல் கவசத்தை வைத்தால் கவசம் தலையில் படியாமல் நிற்கும். குனிந்தால் கழன்று விழும். ஆதலால் கவசத்தின் உள்ளே அணியும் குளிர்க்குல்லாய் மெல்லியதாகவும், தலையோடு ஒட்டியதாகவும், தீயைத் தாங்குவதாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் சேர்ந்த ஒன்று எளிய பொருள்தான். ஆனால் அன்று அண்ணனுக்கு அது கிடைக்கவில்லை.

பரிசும் உரிமையும்

கிடைக்கவில்லை என்பதில் ஒரு செய்தி உண்டு. அதே ஆலையில், அதே இரவில், நிலைப்பணியாளர் சிலர் சாம்பல் நிறத் தலைமூடி அணிந்திருந்தனராம். ஆலை கொடுத்தது. ஒப்பந்தக்காரர் வழியாக வந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தலைக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் தந்தார்கள்; குளிருக்கு ஒன்றும் தரவில்லை. "குளிர் உங்கள் சொந்தக் காரியம்" என்பது போல் விட்டுவிட்டார்கள். ஆகவே ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை அணிந்தனர். ஒருவர் மப்ளர் சுற்றினார். ஒருவர் துண்டு கட்டினார். என் அண்ணன் தம்பி வாங்கித் தந்த குல்லாயை அணிந்தார்.

பின்னாளில் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். 1984 ஆம் ஆண்டு போபால் பேரழிவு நாட்டை உலுக்கிய பின், 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1987 இல் திருத்தப்பட்டது. வேலையிலிருக்கும் தொழிலாளர் அனைவரின் பாதுகாப்பையும் இயன்ற அளவு உறுதி செய்வது ஆலையை நடத்துவோரின் பொதுக்கடமை என்று அத்திருத்தம் சொன்னது. ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவரும் தொழிலாளரே என்பதை அதற்கு முன்னரே, 1976 ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியிருந்தது. விபத்து நடந்த இரவில் நடைமுறையிலிருந்த சட்டம் இதுவே. எங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால், குல்லாய் வாங்க நான் சேலத்திற்குப் போயிருக்க மாட்டேன். "குளிருக்குத் தலைமூடி கேளுங்கள்" என்று அண்ணனிடம் சொல்லியிருப்பேன்.

குரங்குக் குல்லாய்க்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் பாலக்லாவா. 1854 ஆம் ஆண்டு கிரிமியப் போரில் பிரித்தானியப் படை கடுங்குளிரில் நடுங்கிக் கிடந்த ஊரின் பெயர் அது. அரசு தந்த குளிருடை போதவில்லை. தாய்மார்களும் தமக்கைமார்களும் வீட்டில் பின்னிய தலைமூடிகள் கப்பலேறிச் சென்றன என்பர். இதனைப் படித்தபோது என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. வேலைக்கு அனுப்பியவர் தர மறந்ததை வீட்டிலுள்ளோர் அன்பினால் ஈடு செய்வது நூற்றாண்டு கடந்த வழக்கம் போலும்! ஆனால் பனிக்கு அன்பு போதும், நெருப்புக்குப் போதாது.

அண்ணன் ஊர் திரும்பி, எடப்பாடியிலேயே சிறு பட்டறை ஒன்று வைத்தார். தறிக்கு வேண்டிய இரும்பு வேலை, சன்னல் கம்பி, கதவு என்று செய்து வருகிறார். இடது காதின் மேற்பாதி இல்லை. தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது ஈரக்கையால் தலையைத் தடவிக் காதுகளைத் துடைக்க வேண்டுமல்லவா? பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் அவர் அருகே அமர்ந்திருக்கும்போது, அவர் விரல் வலக்காதை முழுதாகச் சுற்றி வந்து, இடக்காதில் பாதி வழியில் நின்றுவிடுவதைப் பார்ப்பேன். பல ஆண்டுகள் அவ்வேளையில் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

2016 ஆம் ஆண்டு அம்மா காலமான பின் ஒரு நாள், பட்டறையில் இருவரும் தனித்திருந்தபோது சொல்லிவிட்டேன். "அண்ணா, அன்றைக்கு அந்த நூலை நான் கொளுத்திப் பார்த்திருக்க வேண்டும்" என்றேன். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. சிறிது நேரம் கழித்து, "அத்தா சொல்லிக் கொடுத்தது உனக்கு மட்டுமா? நானும்தானே கடையில் இருந்தேன்" என்றார். பிறகு, "ஒரு மாதம் அந்தக் குளிரில் என் காதைக் காத்ததும் அதுதான் தம்பி. அதையும் கணக்கில் எழுது" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

அண்ணன் மகன் பட்டயப் படிப்பு முடித்து 2024 ஆம் ஆண்டு வடநாட்டில் ஓர் ஆலையில் ஒப்பந்தப் பணியில் சேர்ந்தான். குளிர்காலம் வரும் முன் அண்ணி குல்லாய் வாங்கி அனுப்பப் புறப்பட்டார். "வேண்டாம், முதலில் அவன் கேட்கட்டும்" என்று தடுத்தேன். வேலையின் தன்மை, குளிரின் அளவு, தலைக்கவசத்தின் கீழ் அணியத் தீயைத் தாங்கும் மூடியின் தேவை ஆகியவற்றைப் பத்து வரியில் எழுதிப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்தான். முதல் முறை பதில் இல்லை. உடன் பணிபுரிவோர் பதினொருவரையும் சேர்த்துக் கையெழுத்திட்டு மறுமுறை கொடுத்தான். மூன்று வாரத்தில் அனைவருக்கும் வந்தது.

அடுத்த பெருநாள் விடுப்பில் வந்தபோது அதனைக் கொண்டுவந்து தன் அத்தாவிடம் காட்டினான். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலோரத்தில் நீண்டிருந்த ஒரு நூலைக் கத்தரித்தார். பட்டறை மேசைமேல் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்து நுனியில் காட்டினார். நூல் சிவந்தது, குச்சியை விலக்கியதும் அணைந்தது. கருகிய நுனியைப் பெருவிரலால் நசுக்கினார். பொடியாயிற்று. மணி இல்லை. மகனிடம் திருப்பிக் கொடுத்து, "போட்டுக்கொள்" என்றார். என் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

அன்பு மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை ஆலைகளுக்கும் அயல்நாடுகளுக்கும் செல்வீர்கள். பலர், செல்லும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வழியனுப்பிப் பரிசளிப்பீர்கள். நெருப்பருகே வேலை செய்வோர் தோலை ஒட்டி அணியும் துணி உருகும் இழையாக இருத்தல் ஆகாது. வாங்கும் முன் அடையாளச் சீட்டைப் படியுங்கள். படித்தும் ஐயமிருந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். அதனினும் மேலாக, பாதுகாப்பு என்பது வீட்டார் தரும் பரிசன்று. வேலை தருவோரிடம் கேட்டுப் பெற வேண்டிய உரிமை என்பதை மறவாதீர்கள். தனியாகக் கேட்டுக் கிடைக்காவிடில் கூடிக் கேளுங்கள். பத்து வரி பிழையின்றி எழுதத் தெரிந்தவன் பன்னிரண்டு தலைகளைக் காக்கலாம் என்பதை என் வீட்டிலேயே கண்டேன். மொழி படிப்பதால் என்ன பயன் என்று கேட்போருக்கு நான் இப்போது சொல்லும் விடை அதுதான்.

இனி வகுப்பில் அப்பழமொழியைச் சொல்லும்போது குரல் தாழாமல் சொல்ல முயல்வேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும். அவ்வாறு போக வேண்டுமானால், தலைப்பாகை எந்த நூலால் நெய்யப்பட்டது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். உழைக்கும் தலைகள் அனைத்தையும் இறைவன் காப்பானாக! அவன் தந்த அறிவைக்கொண்டு காக்கும் பொறுப்பு நம்முடையதாகுக!